அண்ணே, நீ இல்லாமலே ஆடி முடித்துவிட்டேன்

அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஃபைண்டிங் பாரடைஸ் கேமை ஆடி முடித்துவிட்டேன். தனியாக. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஊர்க்கதை எல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் முழுங்கிவிடுவேன். என் சங்கதி உனக்குத் தெரியும்.

2017 டிசம்பரில் அது வெளியான கையோடு வாங்கி அனுப்பினாய். "பொங்கலுக்கு வாரேன், சேர்ந்து ஆடுவோம், அதுக்குள்ள தொட்ட, கொன்னுருவேன்" என்று கூடவே ஒரு வரி. தொடவில்லை. அந்தப் பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்பது நமக்குள் இருக்கட்டும். அடுத்த பொங்கலுக்குக் கேட்டேன். அதற்கடுத்ததற்கும் கேட்டேன். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டேன். இதற்குள் இரண்டு லேப்டாப் மாறிவிட்டது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் என் பட்டியலில் அந்தப் பெயர் மட்டும் இன்ஸ்டால் ஆகாமல் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. 2021இல் அதற்கடுத்த பாகமான இம்போஸ்டர் ஃபாக்டரி வந்தபோது அதையும் வாங்கவில்லை. முந்தினதை ஆடாமல் பிந்தினதை எப்படி ஆடுவது?

இதை வாட்ஸப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். நான் இங்கே எழுதுவதை நீ விடாமல் படிக்கிறாய் என்று மதினி சொன்னார்கள். படிக்கிறவன் ஒரு நாளாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். சரி, அது போகட்டும்.

நம் வீட்டுக் கதை தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி, நீ தாண்டிப் போ. டு த மூன் 2011 நவம்பரில் வந்த சின்ன கேம். ஃபைண்டிங் பாரடைஸ் அதன் அடுத்த பாகம். கனடாவில் இருக்கும் கான் காவ், ஃப்ரீபேர்ட் கேம்ஸ் என்ற பெயரில், ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தது. கதையும் அவர்தான், பியானோவும் அவர்தான். பார்க்க 90களின் சூப்பர் நின்டெண்டோ கேம் மாதிரி இருக்கும். கட்டைவிரல் உயரத்துக்கு மனிதர்கள், குரல் கிடையாது, கீழே பெட்டியில் எழுத்து ஓடும். சாகக் கிடக்கும் ஜானி என்ற கிழவர் நிலாவுக்குப் போக வேண்டும் என்கிறார். ஏன் என்று அவருக்கே தெரியாது. ஈவா, நீல் என்று இரண்டு பேர் அவருடைய நினைவுகளுக்குள் பின்னோக்கி நடந்து, அந்த ஆசை நிறைவேறிவிட்ட மாதிரி ஒரு வாழ்க்கையை உள்ளே நட்டுவிட்டு வர வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிவைப் பற்றியும் கீழே பேசப்போகிறேன். ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

நீ எப்போதும் ஜெமினி ரூ என்ற இன்னொரு கேமின் கட்சி. அதில் கண், கை, வாய், கால் என்று நாலே நாலு படம். எந்தப் பொருளைத் தொட்டாலும் பார்க்கலாம், எடுக்கலாம், பேசலாம், உதைக்கலாம். உதைப்பதும் ஒரு வழி என்பது மூளைக்கு ஏறாமல் ஒரு சாயங்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்றோமே. கோவில்பட்டி கரிசல் வெயிலில் ஃபேனும் ஓடாமல் உட்கார்ந்திருந்தோம். கேமுக்குள் இருக்கும் அந்தப் பாராகஸில் மட்டும் மழை நின்றபாடில்லை. "ஸ்கிரீனைத் தொட்டா கை நனையும் போலடா" என்றாய். ஒரு மாணவன் தன் கையால் வரைந்து எழுதின கேம் என்று அதைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லியிருப்பாய். எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் நெருங்கவில்லை. நான் டு த மூன் பக்கம் சாய்ந்தவன்.

இரண்டும் உன் ஹாஸ்டல் பென்டிரைவில் வந்தவை. காசு கொடுத்து வாங்கியதில்லை. இதைப் பொதுவில் போட்டு உடைப்பது உனக்குப் பிடிக்காது. நம் வீட்டில் டாலரில் கட்டுவதற்கு யாரிடம் கார்டு இருந்தது? 2015 கடைசியில் ஸ்டீமில் ரூபாய் விலை வந்ததும் நான் வாங்கிய முதல் கேம் டு த மூன்தான். ஆடுவதற்கு இல்லை, கடனை அடைக்க.

2012 அக்டோபர். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. அந்த அட்டவணைக்குத் தகுந்த மாதிரி சேவ் பண்ணி ஆடிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டோம். மறந்தது நீ. மவுஸ் உன் கையில்தான் இருந்தது. ஈவா அந்தக் கிழவரின் நினைவிலிருந்து அவர் மனைவி ரிவரையே எடுத்துவிடப் போகிறாள், நீல் தடுக்க ஓடுகிறான், திரையெல்லாம் ஈவா ஈவாவாகப் பேய்கள் வருகின்றன. (அந்த இடம் இப்போதும் சகிக்கவில்லை. அவ்வளவு நல்ல கதைக்குள் எதற்கு ஒரு ஜோம்பி?) யுபிஎஸ் கீ கீ என்றது. நீ "இரு, இரு, இரு" என்று மானிட்டரிடம் கெஞ்சினாய். இருட்டு.

மாடிக்குப் போனோம். அப்பா ஏற்கெனவே பாயைப் போட்டு, ஈரத்துண்டை நெஞ்சில் விரித்துக்கொண்டு படுத்திருந்தார். பனையோலை விசிறி. தெருவே மொட்டைமாடியில் கிடந்தது. நாம் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து சண்டை பிடிக்க ஆரம்பித்தோம். கேட்டது கிழவர்தானே, அவர் கேட்டதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள், ஈவா செய்வது சரி என்றேன் நான். செத்துப்போன ஒருத்தியை இன்னொரு தடவை கொல்வதற்குப் பெயர் சேவையா என்றாய் நீ.

"யாருடா நிலாவுக்குப் போறது?"

அப்பா தூங்கவில்லை. நீ கதை சொன்னாய். அந்தக் கதையை நீ சொன்ன மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து ஊரில் ஜானி என்று ஒருத்தர் இருக்கிற மாதிரியே சொன்னாய். கலங்கரை விளக்கம் பக்கத்தில் வீடு. வைத்தியத்துக்கு இருந்த பணத்தை வீடு கட்டவே போடச் சொன்ன மனைவி. அந்த அம்மா வருஷக்கணக்கில் காகிதத்தில் முயலாக மடித்து மடித்து வைத்துக்கொண்டு, புருஷனிடம் ஒரு முயலைக் காட்டி, "இதைப் பத்தி என்ன தோணுது? வேறென்ன? வேறென்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரு ராத்திரி வானத்தைப் பார்த்து, நட்சத்திரங்களைக் கோடு போட்டு முயலாக்கி, நிலாவை அதற்குத் தொப்பையாக வைத்தது. தொலைந்துபோனால் அந்தத் தொப்பையில் சந்திக்கலாம் என்று பேசிக்கொண்டது. அவர் அதை மறந்தே போனது.

அப்பா விசிறியை நிறுத்தினார். "நிலாவுல முயல்னு எங்கய்யாவும் சொல்லுவாரு. உங்கம்மா ஊர்லதான் பாட்டி வடை சுடுறா." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மாவையே எடுத்துட்டா, அந்தாளு எதுக்குடா நிலாவுக்குப் போகணும்?" என்றார்.

நாம் இவ்வளவு நேரமாக முட்டிக்கொண்டிருந்ததை ஒரே வரியில் கேட்டுவிட்டார். எந்தக் கேமையும் "டப்பா" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த மனுஷன். நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய். கரண்ட் வந்தது. தெருவே 'ஓ' என்று கத்தியது. நாம் படியில் தடதடவென்று இறங்கி ஓடிவிட்டோம். இழந்த ஒரு மணி நேரத்தைத் திரும்ப ஆடி, முடிவைப் பார்க்கும்போது காக்காய் கத்த ஆரம்பித்துவிட்டது. அப்பாவிடம் முடிவை நாம் சொல்லவே இல்லை.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது.

2018 மாசி. மதுரையில் அந்த ஆஸ்பத்திரி. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றி நாலாவது நாள். சோடியம் இறங்கிவிட்டது, அதனால் ஆள் மாற்றிப் பேசுவார், பயப்படாதீர்கள் என்றார்கள். என்னைப் பார்த்துப் "பெரியவனே" என்றார். முதல் நாள் "நான் சின்னவன்ப்பா" என்றேன். இரண்டாம் நாளும் திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து, "அப்போ பெரியவன் எங்க?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றாம் நாள் நான் திருத்தவில்லை. இதை நீ எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது நான்.

ராத்திரி பதினொன்று இருக்கும். ட்ரிப்ஸ் மாட்டிய கையால் என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"பெரியவனே, அந்தாளு நிலாவுக்குப் போனாரா இல்லியா?"

எனக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. "போனாருப்பா" என்றேன்.

"அந்தம்மா?"

"அந்தம்மாவும் அதே வேலைக்கு வந்து சேர்ந்துட்டாங்க. ஒரே ராக்கெட்டு. கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனாங்க."

பொய் இல்லை. கேம் அப்படித்தானே முடிகிறது. ஜானியின் தலைக்குள் மட்டும்தான் அப்படி நடந்தது என்பதை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "நீ வந்தது நல்லதுடா" என்றார்.

உனக்குச் சொன்னது அது. எட்டு மாசம், வாரத்துக்கு இரண்டு தடவை, காலை ஐந்து மணி பஸ்ஸில் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனவன் நான். அந்த எட்டு மாசத்தில் ஒரு தடவைகூட எனக்கு அந்த வரி கிடைக்கவில்லை. கிடைத்த அன்றைக்கும் அது உன் பெயருக்கு வந்த கடிதம். பிரித்துப் படித்துவிட்டு என்னிடமே வைத்துக்கொண்டேன்.

நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடத்தில் உட்கார்ந்து "கடைசியா ஏதாச்சும் சொன்னாராடா?" என்று கேட்டாய். "நினைவே இல்லைண்ணே" என்றேன். பதினாறாம் நாள் நமக்குள் நடந்த பேச்சை இங்கே எழுத மாட்டேன். சித்தியும் படிப்பார், உன் பக்கம் நியாயம் இருந்ததும் உண்டு. ஆனால் நீ அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு நான் பதிலுக்கு என்ன செய்தேன் என்றால், இந்த வரியை இன்னும் ஆழமாக ஒளித்து வைத்தேன். வேண்டுமென்றே செய்தேன். மன்னித்துக்கொள். நீயும் எட்டு மாசத்தில் ஒரு நாலு நாள் லீவு போட்டிருக்கலாம்.

ஜானிக்கு ஜோயி என்று ஒரு இரட்டைச் சகோதரன் இருந்தது நினைவிருக்கிறதா? அம்மா காரைப் பின்னால் எடுக்கும்போது அடிபட்டுச் சாவானே. அதற்கப்புறம் அந்த அம்மா ஜானியை ஜோயி என்றே கூப்பிட, அவனும் ஜோயிக்குப் பிடித்ததையே தனக்கும் பிடித்ததாக ஆக்கிக்கொள்வான். 2012இல் அந்த இடத்தில் நீ "ட்விஸ்டைப் பாரு" என்று என் தொடையில் தட்டினாய். எனக்கும் அவ்வளவுதான் தோன்றியது. 2018க்கு அப்புறம் அந்தக் கேமை இரண்டு தடவை திறந்தேன். அந்த இடத்துக்கு முன்னாலேயே மூடிவிட்டேன்.

இப்போது ஏன் ஃபைண்டிங் பாரடைஸ் என்று கேட்பாய். அம்மா வீட்டை ஒதுங்கவைக்கும்போது அந்தப் பழைய சிபியூவைக் காய்லாங்கடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் வீடு வந்தபோது மேஜையில் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே இன்ஸ்டால் பண்ணினேன்.

முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே. ஆரம்பம் மட்டும். இந்தத் தடவை காலின் என்ற கிழவர். ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும் என்கிறார், ஆனால் பெண்டாட்டி பிள்ளையோடு வாழ்ந்த வாழ்க்கையில் எதையும் தொடக் கூடாது என்கிறார். நினைவுகளும் நேராகப் பின்னோக்கிப் போவதில்லை. ஒரு தடவை கிழவர், அடுத்த தடவை சின்னப் பையன், இப்படி இரண்டு முனையிலிருந்தும் நடுவுக்கு வருகிறது. முதல் பாதி இழுவை. நீலின் கடி ஜோக்குகளைப் பாதியாக வெட்டியிருக்கலாம். நீ சிரித்திருப்பாய், அது எனக்குக் கேட்டது. பக்கத்து பால்கனியில் ஃபே என்று ஒரு சிறுமி வருகிறாள். அவளைப் பற்றி மட்டும் நீ ஆடி முடித்ததும் என்னிடம் பேசு. லாரா ஷிகிஹாரா பாட்டு இதிலும் இருக்கிறது. அது வந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு மாடியில் நான் ஈவா பக்கம் நின்றேன். ஆஸ்பத்திரியில் அவள் செய்ததைத்தான் நானும் செய்தேன், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அவள் வேலையை முடித்துவிட்டு, கூட இருந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஏழு வருஷம் இழுத்துவிட்டேன்.

அப்பா திதி இந்தத் தடவை ஒரு வியாழக்கிழமை வருகிறது. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் சமையலை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், சித்தி வந்து கூடமாட நிற்கிறேன் என்றிருக்கிறார். நீ வருகிறாயா இல்லையா என்று என்னைக் கேட்கச் சொன்னார்கள். வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, எத்தனை இலை வாங்குவது என்று தெரிய வேண்டும்.