மீட்டரை எடுத்துக்கொண்டு போ, கண்ணு

காட்பாடி

அன்புள்ள கண்ணுக்கு,

நீ வாங்கப் பார்க்கிற பழைய எலெக்ட்ரிக் கிடாரைப் பற்றி அனுப்பிய படங்களையும் விற்பவர் எழுதியிருந்த விவரங்களையும் பார்த்தேன். உன் நைனா மரத்தின் நிறத்தைப் பார்த்ததுமே "வாங்கிக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டார். என் கண் வேறோர் இடத்தில் நின்றுவிட்டது. "பிரிட்ஜில் செய்மூர் டங்கன் ஜேபி, 16.4 கே" என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கே. பிரிட்ஜ் என்றால் தந்திகளின் அடிமுனைப் பக்கம். அந்தப் பிக்கப் மாடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வழக்கமாகச் சொல்கிற எண் அது, 16,400 ஓம் மின்தடை. அவர் அளந்து எழுதினாரா, எங்கேயாவது பார்த்து எழுதினாரா?

கிடார் வாசிக்க எனக்குத் தெரியாது. ஆனால் காயில் தெரியும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் காந்தத்தோடு சேர்ந்த கம்பிக் காயில்தானே. நம் ஊர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் நம் காயில் கட்டும் கடையில் ஃபேன்கள் குவிந்துவிடும். ஃபேனுக்கு நான் சுற்றுவது 36 கேஜ் கம்பி. பிக்கப்பில் வழக்கமாக இருப்பது அமெரிக்கக் கணக்கில் 42, நம் கணக்கில் ஏறக்குறைய 46. கனம் 0.06 மில்லிமீட்டர் சொச்சம். இரட்டைக் காயில் வகையான ஹம்பக்கர் என்றால் ஒவ்வொரு காயிலிலும் 5,000 சுற்றுப் போல, பழைய சிங்கிள் காயில் என்றால் 8,000 வரைகூட. அவ்வளவு மெல்லிய கம்பி வியர்வை உப்புப் பட்டுக் களிம்பு பிடித்து ஓரிடத்தில் அற்றுப்போனாலும் வெளியில் ஒன்றும் தெரியாது. மீட்டர்தான் சொல்லும்.

போகும்போது டிஜிட்டல் மீட்டரும், கிடார் கேபிள் ஒன்றும், முதலைக் கிளிப் இரண்டும் எடுத்துக்கொள். எதையும் கழற்ற வேண்டாம். கேபிளின் ஒரு முனையைக் கிடாரில் செருகு. மறுமுனை பிளக்கின் நுனியில் ஒரு கிளிப், அதன் உடல் பகுதியில் இன்னொரு கிளிப். மீட்டரை 20 கே ஓமில் வை. வால்யூமை முழுக்கத் திருப்பி வைக்க வேண்டும். பாதியில் இருந்தால் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற ‘பாட்’ என்ற மாறுதடையின் ஓமும் சேர்ந்து வந்து கணக்கைக் குழப்பும், பூஜ்யத்தில் இருந்தால் ஷார்ட் ஆனது போலக் காட்டும். டோன் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, அங்கே கெபாசிட்டர் இருப்பதால் மீட்டரின் மின்சாரம் அந்த வழியில் போகாது. இரண்டு கிளிப்பையும் விரல்களால் பிடித்துக்கொண்டு அளக்காதே, உன் உடம்பும் கணக்கில் சேர்ந்துவிடும். தந்தியையும் தொடாதே. தந்தி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் பிறந்து எண் ஆடும்.

இப்போது எண்கள். பழைய பாணி சிங்கிள் காயில் 5.5 முதல் 6.5 கே வரை வரும். சாதாரண ஹம்பக்கர் 7.5 முதல் 8.5. ஜேபி போன்ற காரமான வகை 16-ஐ ஒட்டி வரும். 16.4 அப்படியே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதே. கிடாருக்குள் 500 கே வால்யூம் பாட் பிக்கப்புக்குப் பேரலலாக, அதாவது பக்க இணைப்பாக நிற்கிறது, 16.4 என்பது அதனால் 15.9 ஆகக் குறையும். வெப்பம் எதிர்ப்பக்கம் இழுக்கும். செம்பின் ஓம் ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும், அதாவது பத்து டிகிரிக்கு 4 சதவீதம். அதே கிடாரைச் சித்திரை வெயிலில் நம் கடையில் வைத்து அளந்தால் நீ இருக்கிற பெங்களூரில் வந்ததைவிடக் கூடவே வரும். ஆகவே 15.5-க்கும் 17-க்கும் நடுவில் எது வந்தாலும் பேசாமல் அடுத்ததற்குப் போ.

8 வந்தால்? உடனே சண்டைக்குப் போகாதே. டோன் குமிழில் புஷ்-புல் இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். அது மேலே இழுத்திருந்தால் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும், எண் பாதியாகிவிடும். அழுத்திவிட்டு மறுபடி அளந்து பார். அப்போதும் 8 என்றால் பெரும்பாலும் அது ஜேபி இல்லை. இழுத்தபோது நாலில் ஒரு பங்காக, 4 போல வந்தால் காயில்களைப் பிரிக்காமல் பேரலலாகக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது குற்றமில்லை. ஆனால் விற்பவருக்கு அது தெரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார். மாற்றம் செய்தவர் அவர்தானா, அவரும் இன்னொருவரிடம் வாங்கியவரா என்பது அந்த ஒரு கேள்வியில் வெளிவந்துவிடும்.

பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் எல்லா நிலையிலும் அளந்து தாளில் எழுதிக்கொள். நடு நிலையில் இரண்டு பிக்கப்பும் பேரலலாகச் சேரும். பிரிட்ஜ் 16, கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப் 8 என்றால் நடுவில் 5.3 போல வர வேண்டும். நடுவிலும் 16-ஏ வந்தால் நெக் பிக்கப் சேரவில்லை. சுவிட்ச் காண்டாக்டோ, சால்டரோ, காயிலோ. எந்த நிலையிலாவது மீட்டர் இடது ஓரத்தில் வெறும் 1 காட்டினால் 2 மெகா ஓமுக்கு மாற்று. அங்கே 0.5 பக்கம் வந்தால் நீ பார்ப்பது வால்யூம் பாட் மட்டும்தான். பிக்கப் அற்றிருக்கிறது, அல்லது அதன் ஒயர் விட்டிருக்கிறது. அற்ற காயிலும் சில சமயம் ஈனமாகச் சத்தம் கொடுக்கும் என்பதால், "சத்தம் வருகிறதே" என்று அவர் சொன்னால் ஏமாறாதே.

பின்பக்கம் பேட்டரி அறை இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அது ஆக்டிவ் பிக்கப். உள்ளே பிரீஆம்ப் என்ற சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கும், ஓம் பார்ப்பதில் பொருளில்லை.

இவ்வளவும் சரியாக வந்தாலும் கிடார் நன்றாக ஒலிக்கும் என்று மீட்டர் உறுதி கொடுக்காது. கம்பி மெலிந்தால் குறைந்த சுற்றிலேயே ஓம் ஏறிவிடும். காந்தம் அல்நிகோவா செராமிக்கா என்பதற்கு அந்த எண்ணில் இடமே இல்லை. ஓம் கூடினால் சத்தம் கூடும் என்று விற்பவர்கள் பேசுவதை நான் நம்புவதில்லை. காயிலுக்குள் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகியிருந்தாலும் மீட்டரில் பெரிதாகத் தெரியாது. ஃபேனிலும் அந்தக் கோளாறுதான் எங்களைப் படுத்தி எடுக்கும். கிடாரில் அது மேல் சுரங்களை மழுக்கிவிடும், அதை உன் காதுதான் பிடிக்க வேண்டும். எண் உதவுவது ஒன்றுக்குத்தான்: அவர் சொல்வதும் கிடாருக்குள் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க.

முள் மீட்டரும் உன் பையில் இருக்கட்டும். அதை அதே கிளிப்புகளில் மாட்டிக் குறைந்த டிசி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் ஸ்க்ரூடிரைவரை மெல்ல ஒட்டி எடு. ஒட்டும்போது முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டு பிக்கப்புக்கும் அதே பக்கம் துள்ள வேண்டும். எதிரெதிராகத் துள்ளினால் ஒயரை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். நடு நிலையில் மூக்கால் பேசுவது போல ஒல்லியாக ஒலிக்கும். சரிசெய்யக்கூடியதுதான், விலையில் குறைத்துக் கேள்.

விலை பேசும்போது அவர் மாற்றத்துக்குச் செய்த செலவை உன் தலையில் கட்டப் பார்ப்பார். கழற்றிய பழைய பிக்கப்புகளையும் சேர்த்துக் கேள். பின்மூடியைத் திறக்கவும் அனுமதி கேள். சால்டர் மினுமினுவென்று உருண்டு படிந்திருக்கிறதா, சாம்பல் பூத்துக் கட்டியாக நிற்கிறதா என்று பார்த்தாலே கட்டியவர் கை தெரிந்துவிடும். படம் எடுத்து அனுப்பு, நானே சொல்கிறேன். திறக்க விடமாட்டேன் என்றால் வந்துவிடு.

வாங்கினால் சனிக்கிழமை லால்பாக் எக்ஸ்பிரஸில் எடுத்துக்கொண்டு வா. நைனா கேட்க வேண்டுமாம். முள் கத்தரிக்காய் வாங்கி வைக்கிறேன்.

இங்கே கிடக்கிற மெக்கரையும் அனுப்பட்டுமா என்று நைனா கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது மோட்டார் இன்சுலேஷன் பார்க்கிற சாமான். ஆனால் உன் டிஜிட்டல் மீட்டரில் 9 வோல்ட் பேட்டரியைப் புதிதாக மாற்றிக்கொண்டு போ. பேட்டரி இறங்கியிருந்தால் எண் தப்பாகக் காட்டும், நீ அந்த மனிதரைச் சந்தேகப்படுவாய்.

அன்புடன்,
அம்மா