பெட்ஷீட் எண்ணிய இரவு

அன்புள்ள செல்விக்கு,

நேற்று போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாய். கடைசியாக நீ சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது. "ஆள் பத்தலைன்னு ஃபார்ம் எழுதி என்னம்மா ஆகப்போகுது, நாளைக்கும் ஆள் வராது." அங்கே இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டியில் 11 நோயாளிகளைத் தனி நர்ஸாகப் பார்த்துவிட்டு வந்தவளிடம் அப்போது என்ன பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

1991. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். ஆண்டு, வார்டு எல்லாம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இரவில் 62 நோயாளிகள், கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களையும் சேர்த்து. ஸ்டாஃப் நர்ஸ் நான் ஒருத்திதான். ஒரு பாட்டிக்கு ட்ரிப் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் ஏறி உறைந்துபோயிருந்தது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? காலையில் கணக்கு ஒப்படைக்க பெட்ஷீட் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, மறு கையில் ஊசி போட்டோம். எனக்கு மெமோ வந்தது. "என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். 62 என்ற எண்ணை அதில் போடவே இல்லை. போடலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. 1987-ல் மத்திய அரசு நர்சுகளுக்கென்றே ஓர் உயர்மட்டக் குழு அமைத்திருக்கிறது. தலைவர் நம் பக்தவத்சலத்தின் மகள் சரோஜினி வரதப்பன். நர்ஸுக்குச் சம்பந்தமில்லாத வேலைகளை அவள் தலையில் கட்டாதீர்கள் என்று 1989-லேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். நான் பெட்ஷீட் எண்ணிய இரவில் அதற்கு 2 வயது! எங்கள் வார்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

உங்கள் ஊர்க் கதையும் அப்படித்தான். ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் பணத்தை மிச்சம் பிடிக்க நர்சுகளைக் குறைத்தார்கள். தண்ணீருக்குக்கூட ஆளில்லாமல் நோயாளிகள் தவித்தார்கள். செத்தவர்களின் வீட்டார் விடாமல் கேட்டதால்தான் விசாரணை வந்தது, 2013-ல் அதை நடத்திய ராபர்ட் பிரான்சிஸ் 290 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். அதைத் தொட்டு அடுத்த வருஷமே, அங்கே மருத்துவ வழிகாட்டுதல்கள் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, வார்டில் எத்தனை நர்ஸ் வேண்டும் என்பதற்கு வழிகாட்டுதல் போட்டது. பகலில் ஒரு நர்ஸுக்கு 8 பேருக்கு மேல் போனால் நோயாளிக்கு ஆபத்து கூடுகிறது என்று அதில் இருக்கிறது. வலி மருந்து கேட்டவருக்கு 30 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் அது 'சிவப்புக் கொடி', அதாவது நர்ஸ் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை. அதற்கடுத்த வருஷம் இப்படி வழிகாட்டுதல் போடும் வேலையைத் தொடர வேண்டாமென்று நிறுத்தியும் விட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து வேல்ஸில் நர்ஸ் எண்ணிக்கைக்கென்று 2016-ல் சட்டமே வந்தது.

அறிக்கை வந்ததும் மறுநாள் ஆள் வந்து நிற்கும் என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. ஆனால் உன் 11 எழுத்தில் ஏறாவிட்டால், நாளைக்கு ஏதாவது நடக்கும்போது காகிதத்தில் மிஞ்சுவது உன் கவனக்குறைவு மட்டும்தான். என்னுடையது அப்படித்தான் மிஞ்சியது.

அதனால் எழுது. "வேலைப்பளு அதிகம்" என்று மொட்டையாக எழுதாதே. எத்தனை பேர், எத்தனை நர்ஸ், எந்த மருந்து எத்தனை மணிக்குப் போக வேண்டியது, எத்தனை மணிக்குப் போனது, யாரிடம் சொன்னாய், அவ்வளவு போதும். அழுகையெல்லாம் என்னிடம் வைத்துக்கொள்.

அப்புறம், வெறும் டீயைக் குடித்துவிட்டு டியூட்டிக்கு ஓடாதே. பருப்புப் பொடி பார்சல் போட்டிருக்கிறேன்.

அம்மா