மென்பொருள் வாங்குமுன் கேட்டில் போய் உட்கார்

மண்டபம்

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. வாடை தொடங்கிவிட்டது. வடகடல் இரைச்சலாக இருப்பதால் படகுகளைத் தென்கடல் பக்கம் கொண்டுவந்து கட்டுகிறார்கள். 2022 டிசம்பரில் நின்றுபோன ராமேஸ்வரம் ரயில், 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததும் மறுபடி ஓடுகிறது. நீ வந்தால் நம் காலேஜ் நாள் மாதிரி ரயிலிலேயே போய் வரலாம்.

இனி நீ கேட்ட விஷயம். உங்கள் பம்ப் கம்பெனியில் கொள்முதலை முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது, மூன்று மென்பொருள்காரர்களின் கொட்டேஷன் மேஜையில் கிடக்கிறது, எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதையும் எடுக்காதே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் நண்டு, மீன் பதப்படுத்தும் கம்பெனியில் சில வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மென்பொருள் வாங்கினோம். இண்டென்ட் என்கிற தேவைச் சீட்டு, கொட்டேஷன், பி.ஓ. என்கிற கொள்முதல் ஆணை, சரக்கு வரவு, பில் எல்லாம் அதில் இருந்தது. குறை சொல்ல முடியாத சாமான். ஆனால் பி.ஓ. இல்லாமல் ஒரு பொருள் கேட்டுக்குள் வர அது விடாது. எங்களுக்கு அன்றாடம் பெரிய கொள்முதல் ஐஸ். எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பது படகு கரைக்கு வந்த பிறகுதான் தெரியும். விசைப்படகு போகும் நாள் வேறு, நாட்டுப்படகு போகும் நாள் வேறு. காற்று மாறினால் அந்தக் கணக்கும் மாறும். விடியற்காலை ஐஸ் வண்டி கேட்டில் நிற்கும். பி.ஓ.வுக்கு ஒப்புதல் தரவேண்டிய மூன்று பேரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், ஒருவர் சென்னையில் இருப்பார். நண்டு காத்திருக்குமா?

கேட்டில் இருந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாத முதல் தேதியே ஒரு பெரிய பி.ஓ. போட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் பழைய நோட்டில் எழுதி, சாயந்தரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தலைமை அலுவலகத்தில் திரையைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. உண்மைக் கணக்கு நோட்டில்தான் இருந்தது. ஒரே வேலையை இரண்டு முறை செய்யவைத்ததற்குத்தான் அவ்வளவு பணமும் போனது. அந்தப் பிள்ளைகளை 'மாற்றத்துக்கு ஒத்துழைக்காதவர்கள்' என்று நானே ஒரு கூட்டத்தில் சொன்னேன், பங்காளி. அது இன்னும் மனசை உறுத்துகிறது. சரக்கு கெட்டுப்போகாமல் காப்பாற்றியது அவர்கள்தான்.

எடைத் தகராறு அதைவிடப் பெரிது. படகுத் துறையில் எடைபோட்ட நண்டு எங்கள் தராசுக்கு வருவதற்குள் தண்ணீர் வடிந்து எடை குறையும். காலங்காலமாகக் கணக்குப்பிள்ளையும், படகுக்காரரிடம் வாங்கி எங்களுக்குத் தரும் ஏஜென்டும் பேசி ஒரு கழிவு வைத்திருந்தார்கள். அது எந்தக் காகிதத்திலும் இல்லை. மென்பொருளோ பி.ஓ., வரவு, பில் மூன்றும் அச்சாகப் பொருந்தினால்தான் பணம் விடும். பொருந்தாத பில்கள் குவிந்தன. ஏஜென்டுக்குப் பணம் வராவிட்டால் அவர் படகுக்காரருக்கு முன்பணம் கொடுக்க முடியாது. படகுக்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். இரண்டு நல்ல ஏஜென்டுகளை அப்படித்தான் இழந்தோம்.

அடுத்த வருஷம் தடைக்காலத்தில்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்களுக்கும் பாதி வேலைதான். ஸ்டோர்ஸ் அக்கா, கேட்காரர், ரகம் பிரிக்கும் பெண்கள், கணக்குப் பிரிவு, ஐஸ் பேக்டரிக்காரர், ஏஜென்டுகள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டி, ஒரு பொருள் தேவை என்று தோன்றுவதிலிருந்து அதற்குப் பணம் போய்ச் சேரும்வரை நடப்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதினோம். ஒரு தெர்மாகோல் பெட்டிக்கு ஏழு கையெழுத்து. அதில் நாலு பேர் எதையும் பார்க்காமல் போடுகிறவர்கள். இருப்பு எவ்வளவு என்று தெரிந்த ஸ்டோர்ஸ் அக்காவின் கையெழுத்து அந்த ஏழில் இல்லை! அதே பெட்டி பதினொரு பெயரில் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. அக்காதான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு நாள் ஆனது. வெளியிலிருந்து யாரைக் கூட்டிவந்தாலும் அந்த வேலை நடந்திருக்காது.

எடைக்கு ஏஜென்டுகளோடு சேர்ந்தே தீர்வு கண்டோம். மூன்று வாரம் இரண்டு தராசிலும் அவர்கள் கண்முன்னே எடைபோட்டோம். வந்த வித்தியாசத்தை வைத்து, இவ்வளவு வரை கேள்வி இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டோம். ஐஸுக்கு மாதம் ஒருமுறை விலை மட்டும் பேசி ஒப்பந்தம். தினமும் எவ்வளவு என்பது கேட்காரரின் அதிகாரம். மோட்டார், உதிரி பாகம், ரசாயனம் இவற்றுக்குப் பழையபடி பி.ஓ. போதும், அதில் சிக்கல் இல்லை.

அதன் பிறகுதான் மென்பொருள்காரரைக் கூப்பிட்டோம். முதலில் கேட்டுக்கு ஒரே ஒரு திரை, தமிழில். படகு, துறை, ரகம், எடை. அவ்வளவுதான். துறை என்ற கட்டத்தில் வடக்கு, தெற்கு இரண்டையும் வைக்கச் சொன்னதே கேட்காரர்தான். முதல் மென்பொருளில் வடக்கு மட்டும் இருந்ததால் வாடைக் காலத்தில் எங்கள் பதிவு முழுக்கத் தப்பு. ஐரோப்பாவுக்குப் போகும் கடல் மீன், நண்டுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தப் படகு பிடித்தது என்பதை நோட்டைப் புரட்டித் தேடியது போய், இப்போது நிமிஷத்தில் எடுக்கிறோம். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பார்.

எடை போட்டதும் ஏஜென்டின் போனுக்கு எடையும் பணம் வரும் தேதியும் குறுஞ்செய்தியாகப் போகும். அவர்கள் இந்த முறையை நம்பத் தொடங்கியது அந்தச் செய்தியால்தான்.

உங்கள் ஊரில் வார்ப்படம் ஊற்றுகிறவர், லேத் பட்டறைக்காரர் எல்லோரும் சிறு தொழில்காரர்கள். 2006ஆம் வருஷச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. ஆகவே முதலில் போன வருஷத்துப் பில்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை நாளில் தீர்ந்தது, எந்த மேஜையில் படுத்துக் கிடந்தது என்று பார். பொருள் வந்த பிறகு போட்ட பி.ஓ. எத்தனை என்றும் எண்ணிப் பார். முதலாளியிடம் அந்த இரண்டு எண்ணிக்கையோடு போனால் மூன்று மாதம் அவகாசம் கேட்கலாம். அந்த மூன்று மாதமும் உன் மேஜையை ஸ்டோர்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள். பட்டறைக்காரர் சரக்கு இறக்கிவிட்டு யாரிடம் போய்க் கெஞ்சுகிறார் என்று நீயே பார்ப்பாய்.

அக்காவின் நோட்டில் நாலு பக்கம் படமெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஸ்டோர்ஸில் இருப்பவரிடம் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று எழுது, அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். தை பிறந்ததும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. காற்று அடங்கியிருக்கும்.

அன்புடன்,
உன் பங்காளி