கார்ஸ்டாங்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹீட்டரை ஒரே அறையில்தான் போடுகிறேன், அதுவே போதுமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான் வேலைபார்க்கும் கடையில் விற்கும் ஃபேர்டிரேட் சரக்கு, அதாவது விவசாயிக்கு நியாய விலை கிடைக்கும்படி விதிவைத்து முத்திரை போட்டு விற்பது, எதில் உசத்தி, அதை எப்படி விற்பது என்று கேட்டிருந்தீர்கள். 2000-ல் உலகின் முதல் ஃபேர்டிரேட் ஊர் என்று தன்னை அறிவித்துக்கொண்டதே இங்கிலாந்தின் இந்தக் கார்ஸ்டாங்தான். காப்பியைப் பாருங்கள். கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் கொட்டைக்கு, விவசாயிகள் சங்கத்துக்குத் தரவேண்டிய அடிவிலை 2023 ஆகஸ்டிலிருந்து பவுண்டு எடைக்கு 1.80 டாலர். சந்தை சரிந்தாலும் இது குறையாது. ஏறினால் சந்தை விலையே கிடைக்கும். அதற்குமேல் 20 சென்ட் சங்கத்துக்குத் தனியாகப் போகும். கிணறா, உலர்களமா, பள்ளிக்கூடமா என்று உறுப்பினர்களே ஓட்டுப்போட்டு முடிவெடுப்பார்கள். விற்பனையாளர் இதைத்தான் சொல்லவேண்டும். "முழுப்பணமும் விவசாயிக்கே" என்று சொன்னால் அது பொய்.

தனி மூலையில் தருமப் பொருள் மாதிரி வைத்தால் தூசிதான் படியும். மற்ற காப்பிகளின் நடுவிலேயே, கண்மட்டத்தில் இருக்கவேண்டும். பாக்கெட்டாக வருவதை விற்க உரிமம் தேவையில்லை. மூட்டையாக வாங்கி நம் பெயரில் பொட்டலம் கட்டினால் உரிமமும் தணிக்கையும் உண்டு. ஃபேர்டிரேட் முத்திரையைப் போஸ்டரில் அச்சடிக்க முன்அனுமதி வாங்கவேண்டும். முத்திரை பொருளுக்குத்தான், கடைக்கு இல்லை.

ருசிபார்க்கக் கொடுப்பதுபோல விற்கவைப்பது வேறில்லை. காப்பிக்கு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் பொடி. கொதித்ததும் அரை நிமிடம் விட்டு ஊற்றவேண்டும். அரைமணிக்கு மேல் நின்ற காப்பியைக் கொட்டிவிடுவதே நல்லது, கசந்தால் பொருளின் பெயர்தான் கெடும். சாக்லேட்டை 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைக்கவேண்டும். ஹீட்டர் பக்கம் வைத்தால் கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும், வாங்கியவர்கள் பூஞ்சை என்று திருப்பிக் கொண்டுவருவார்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி பூதக்கண்ணாடியோடுதான் கடைக்கு வருவார். முத்திரையோரம் ஏன் அம்புக்குறி என்று கேட்டார். பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் விவரத்தைப் படிக்கச் சொல்லும் குறி அது. கொக்கோ, சர்க்கரை, தேயிலை, பழச்சாறு ஆலையில் மற்றதோடு கலந்துபோகலாம்; ஆனால் ஃபேர்டிரேட்டில் வாங்கிய அளவுக்கு ஈடாக மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். கேட்டுவிட்டு வாழைப்பழம் வாங்கினார், எப்போதும் ஒற்றைப்படையில்தான்.

இங்கே வாழைப்பழம் எல்லாம் கேவண்டிஷ் என்ற ஒரே ஜாதி. மணமே இல்லை. நம் கடை வாசலில் ரஸ்தாளித் தார் பழுக்கும்போது தெருமுனைவரை வருமே அப்பா, அந்த வாசனை நினைவுக்கு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

போகட்டும். இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும், வங்கியில் ஏதோ தாமதம். தம்பி ஃபீஸுக்கு மட்டும் சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பின்கட்டு நிலத்துக்கு வில்லங்கச் சான்று வந்ததா? பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடவேண்டாம், பெரியப்பா அவசரப்படுத்தினாலும்.

உங்கள் அன்பு மகள்