கோழிக்குத் தெரியுமா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது "வானம் இவ்வளவு நீலமா!" என்று அப்படியே நின்றுவிட்டதாக எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். புரை மஞ்சளாக மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது, அது போனதும் நீலம் பளிச்சென்று தெரிகிறது. அடுத்த கண்ணுக்கு நாள் குறித்தாயிற்றா? சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுக்கொள். என் முழங்கால் வலி பழையபடிதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பேரன் விடுமுறைக்கு வருகிறான், நம் பேச்சு அவனுக்குப் பாதிதான் புரிகிறது, என்ன புத்தகம் வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். யோசிக்கவே வேண்டாம். எழுத்தே இல்லாத, அல்லது பேருக்கு நாலு வார்த்தை மட்டும் உள்ள படப் புத்தகங்களை வாங்கு. "அதில் படிக்க என்ன இருக்கிறது?" என்றுதான் உனக்கும் தோன்றும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டேன். என் மனதை மாற்றியது பேத்தி. அப்போது அவளுக்கு நாலு வயது.

பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோஸிஸ் வாக்' என்று ஒரு புத்தகம், 1968-இல் வந்தது. மொத்தமே 32 வார்த்தைகள், ஒரே வாக்கியம். ஒரு கோழி உலாவப் போகிறது. முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு மில், வேலி, தேனீப் பெட்டிகள் என்று எல்லாவற்றையும் கடந்து நேரத்துக்கு வீடு திரும்புகிறது. எழுத்தில் உள்ள கதை இவ்வளவுதான். ஆனால் படத்தில் முதலிலிருந்தே ஒரு நரி அதன் பின்னாலேயே வருகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே கிடையாது! நரி பாய்கிறது, பக்கத்தைத் திருப்பினால் பற்கள் வைத்த வாருகோலை மிதித்து முகத்தில் அடி வாங்குகிறது. மறுபடி பாய்கிறது, திருப்பினால் குளத்துக்குள் கிடக்கிறது. விழுகிற பக்கங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. பாய்ச்சலுக்கும் விழுகைக்கும் நடுவே இருப்பது அந்தத் தாளைப் புரட்டுகிற நேரம் மட்டும்தான். அந்த நேரத்தில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்வது மடியில் வைத்திருக்கிற நமக்குத் தெரியும்.

முதல் நாள் நான் அந்த 32 வார்த்தைகளையும் ஒரு நிமிஷத்தில் வாசித்து முடித்துவிட்டேன். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மில் பக்கம் வந்ததும் நான் திருப்பப் போனேன். அவள் உள்ளங்கையைத் தாளின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு விடவே இல்லை. "பாட்டி, காலில நூல் இருக்கு" என்றாள். பார்த்தேன். மாவு மூட்டையின் கயிறு கோழியின் காலில் மாட்டியிருக்கிறது. கோழி நடக்க நடக்க அது இழுபடுகிறது, அதனால்தான் அடுத்த பக்கத்தில் அவ்வளவு மாவும் நரியின் தலையில் கொட்டுகிறது. அத்தனை நாளும் நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை. எழுத்து தெரிந்தவள் என்பதால் என் கண் நேராக எழுத்துக்குப் போய்விட்டது. அவளுக்கு அந்த வழி இல்லை, படத்தில் ஒரு மூலை விடாமல் தேடியிருக்கிறாள்.

இந்தப் புத்தகங்கள் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். மற்ற எந்தப் புத்தகத்திலும் படிக்கத் தெரிந்தவர் நாம், கேட்க வேண்டியது குழந்தை. இதில் மட்டும் அவளும் நானும் சமம். பல நாள் அவள் எனக்கு ஒரு படி மேலே.

ஒரு தப்பும் செய்தேன், நீ செய்யாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு புத்தகம், டேவிட் வீஸ்னருடைய 'டியூஸ்டே', 1991-இல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தவளைகள் தாமரை இலைகளில் உட்கார்ந்தபடி ஊருக்குள் பறந்து வருகின்றன. கிழமையும் மணியும் தவிர வேறு எழுத்தே இல்லை. ஒரு பாட்டி டிவி முன்னால் தூங்கிப் போயிருக்கிறாள், ஒரு தவளை நாக்கை நீட்டி ரிமோட்டை அழுத்துகிறது. அப்படிப்பட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு "எத்தனை தவளை, எண்ணு பார்ப்போம்? இது என்ன நிறம்?" என்று நான் பரீட்சை வைத்தேன். இரண்டு பக்கம் பொறுத்தாள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி முழுக்க அது மனதை உறுத்தியது. வார்த்தை இல்லாத இடத்தில் நாம் ஏதாவது சொல்லி நிரப்பியாக வேண்டும் என்று ஒரு பதற்றம் நமக்கு வந்துவிடுகிறது. சும்மா இரு. உன் பேரன் பார்க்கட்டும். ஒரு பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றாலும் நிற்கட்டும்.

இத்தாலியில் லாம்பெடூசா என்று ஒரு சின்னத் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் அகதிகள் வந்து சேரும் இடம். சிறுவர் புத்தகங்களுக்கான சர்வதேச அமைப்பான இப்பி, 2012-இல் அங்கே ஒரு வேலையைத் தொடங்கியது. 20-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து எழுத்தில்லாத படப் புத்தகங்களாகவே 100-க்கும் மேல் திரட்டினார்கள். வந்து இறங்கும் குழந்தைகளும் தீவின் குழந்தைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்காக. எந்த மொழியில் புத்தகம் வைப்பது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. நீயும் உன் பேரனும் என்று நினைத்ததும் எனக்கு அந்தத் தீவுதான் ஞாபகம் வந்தது. அவன் அவனுடைய மொழியில் சொல்லட்டும், நீ நம் மொழியில் சொல். கதை இரண்டு பேருக்கும் நடுவில் விரித்துக் கிடக்கும். போனில் "சாப்பிட்டாயா" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது என்று வருத்தப்பட்டாயே, இனி நிற்காது.

ஆனால் எழுத்தில்லாதது என்று எழுதியிருந்தால் எல்லாவற்றையும் அள்ளி வந்துவிடாதே. பக்கத்துக்குப் பக்கம் அழகான படம் மட்டும் இருந்தால் போதாது. முன் பக்கத்தில் நடந்ததால்தான் இந்தப் பக்கத்தில் இப்படி ஆயிற்று என்று குழந்தையே கண்டுபிடிக்க முடிய வேண்டும், கோழி காலில் மாட்டிய அந்த நூல் மாதிரி. கடையிலேயே நின்று ஒரு தடவை புரட்டிப் பார். நடுவில் எங்கேயாவது உன் கை தானாக முன் பக்கத்துக்குத் திரும்பினால் வாங்கலாம். இதற்காக நீ வாயால் சொல்லும் ராத்திரிக் கதைகளை விட்டுவிடாதே, காதுக்கும் கதை வேண்டும்.

பேத்திக்கு இப்போது ஆறு வயது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். போன வாரம் அந்தக் கோழிப் புத்தகத்தைத் தானே எடுத்து வந்தாள். நரி பின்னால் வருவது கோழிக்குத் தெரியுமா தெரியாதா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. கோழி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே, பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது என்கிறேன் நான். "தெரியும், அதனாலதான் அந்த வழியா போகுது" என்கிறாள் அவள். இரண்டு வருஷமாக இதே பதில்தான்.

எங்கள் பிரதி கிழிந்து ஒட்டுப் போட்டது, அதனால் உனக்குப் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். பேரன் பார்த்துவிட்டு என்ன தீர்ப்பு சொன்னான் என்று எழுது. அவனாகக் கண்டுபிடிக்கும் வரை கோழி காலில் உள்ள அந்த நூலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

அன்புடன்,
உன் தோழி