டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஒன்பது முறை

ஆசிரியருக்கு,

உலகத் தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10 வந்தால் பேரணி, உறுதிமொழி, பதாகை எல்லாம் தவறாமல் நடக்கின்றன. நடக்கட்டும். ஆனால் தற்கொலைக்கு முயன்று, பிழைத்து, அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவரை அடுத்த வாரம் யார் போய்ப் பார்க்கிறார்கள்? மறுபடி முயலும் ஆபத்து கூடுதலாக இருப்பது அந்த முதல் சில வாரங்களில்தான்.

சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி, 2008-இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர், இரண்டாம் பிரிவில் 2 பேர்.

இங்கே இதைச் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் படியேறினால் தெருவில் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். பயிற்சிதான் வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது போன் நம்பரில். கேஸ் ஷீட்டில் இருப்பது அழைத்து வந்தவரின் நம்பராக இருக்கும். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் கணவர் கையில். எனவே சிகிச்சை பெற்றவரின் சம்மதத்தோடு இரண்டு நம்பர், தனியாகப் பேச முடிகிற நேரம் இரண்டையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு எழுத வேண்டும். வேறு யாராவது எடுத்தால், “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களான்னு கேக்கத்தான்” என்றால் போதும். லைன் கிடைக்கவில்லையா, அடுத்த தேதி வரை காத்திருக்காமல் நேரில் போக வேண்டும்.

அடுத்தது பேச்சு. “புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?” என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வாயே திறக்க மாட்டார். தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா, வீட்ல யார் பேசுறாங்க என்று விசாரித்துவிட்டு, “சாகணும்ங்கிற எண்ணம் திரும்ப வருதாம்மா?” என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. அந்தப் பயத்தில்தான் பலர் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் குசலம் விசாரிப்பு. ஆமாம் என்றால் தனியே விடாமல், அன்றைக்கே மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். இடையில் பேச 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்), 104 (மாநில சுகாதார உதவி எண்).

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து மிச்சம் வீட்டில் இருக்கக் கூடாது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், வங்கி லாக்கர் போல விவசாயியிடம் ஒரு சாவி, பொறுப்பாளரிடம் ஒரு சாவி என்று ஊர்ப் பொது இருப்பு அறை அமைத்துப் பார்த்தார்கள், தற்கொலைகள் குறைந்தன. இலங்கையில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்ததில் பலனில்லை. சாவியும் அதே வீட்டில்தானே! கூட்டுறவுச் சங்கங்கள் மனம் வைக்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து “தெரியாமக் குடிச்சிட்டா” என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அப்படி எழுதிவிட்டால் மனநல மருத்துவர் வரை விஷயம் போகாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) இல்லை. அரசு ஊழியரைப் பணியில் நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டுமே இன்று குற்றம். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமை என்கிறது. வார்டு வாசலில் இதைத் தமிழில் எழுதி வைக்கலாமே.

சுகாதாரத் துறையிடம் கேட்பது சின்ன விஷயம்: டிஸ்சார்ஜ் சீட்டில் ஒன்பது தேதிக்கு ஒன்பது கட்டம், கீழே விசாரிக்கப் போகிறவரின் பெயர். உங்கள் நாளிதழும் தற்கொலைச் செய்திகளில் மருந்தின் பெயரை விட்டுவிட்டு 14416-ஐ முதல் பத்தியிலேயே போட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனநலத் தன்னார்வலர்கள் சிலர்,
கடலூர் மாவட்டம்.