நடைபாதைக் குடும்பங்களுக்குத் தேவை கூடவரும் ஓர் ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், சாலையோரம் வசிக்கும் குடும்பங்களுக்குப் போர்வையும் உணவுப் பொட்டலமும் வழங்கும் படங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடுகின்றன. கொடுப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நனைந்து நடுங்கும் குழந்தைக்கு அந்த இரவில் போர்வைதான் வேண்டும். ஆனால் பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, ராயபுரம் போன்ற பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாக நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், பொருளைவிட அதிகமாகத் தேவைப்படுவது அலுவலகம் அலுவலகமாக அவர்களோடு கூடவரும் ஓர் ஆள்தான். அஞ்சல் துறையிலிருந்து ஓய்வுபெற்றபின் வடசென்னையில் அப்படிச் சில குடும்பங்களோடு அலைந்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முகவரி இல்லாத குடும்பத்தின் சிக்கல்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. குடும்ப அட்டை கேட்டால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். இருப்பிடச் சான்றுக்கு மின்கட்டண ரசீதோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பணம் வேண்டும். அந்தப் பணத்தைச் சேர்த்து வைக்க நடைபாதையில் இடமில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்த அட்டைதான் முதலில் கேட்கப்படுகிறது. யாருக்காக இந்தத் திட்டங்கள் வந்தனவோ அவர்களிலேயே மிக ஏழையானவர்கள் வாசலில் நின்றுவிடுகிறார்கள்.

நான் பணியில் இருந்த காலத்தில், ஆதார் அட்டை வைத்த அஞ்சல் உறைகள் இத்தகைய தெருக்களின் பெயருக்கு வருவதையும், கதவு எண் இல்லாததால் திரும்பிப் போவதையும் பார்த்திருக்கிறேன். பகுதியை நன்கறிந்த தபால்காரர் இருந்தால் எதிரேயுள்ள தேநீர்க் கடையில் கொடுத்துவிட்டு வருவார். அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் நின்றுவிடும். இன்றைக்கு எல்லாம் கைப்பேசிக்கு வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடைபாதையில் தூங்குகிறவரின் கைப்பேசி தலைமாட்டிலிருந்து களவுபோவது வாடிக்கை. ரீசார்ஜ் செய்ய முடியாத எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. அதன்பின் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும், ஓடிபி செத்துப்போன அந்த எண்ணுக்குத்தான் போகும். பூ கட்டிப் பிழைக்கும் ஒரு பெண் தன் ஆவணங்களை மூன்று பாலித்தீன் உறைகளில் சுற்றி அரிசிச் சாக்குக்குள் வைத்துத் தைத்து வைத்திருந்தார். அதையும் மீறி மழைநீர் இறங்கியதில், மகளின் பிறப்புச் சான்றிதழில் பதிவு எண் இருந்த வரி மட்டும் கரைந்திருந்தது. அந்த ஓர் எண்ணை மாநகராட்சிப் பதிவேட்டில் தேடி எடுத்து மறுபடியும் சான்றிதழ் பெற, கூலியை விட்டுவிட்டு அவர் எத்தனை முறை போக முடியும்? 2023 அக்டோபர் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பல காரியங்களில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் ஆகிவிட்ட நிலையில், இந்தத் தொல்லை இனிமேல் கூடத்தான் செய்யும்.

விந்தை என்னவென்றால், விதிகள் பெரும்பாலும் இந்தக் குடும்பங்களின் பக்கமே இருக்கின்றன. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நேரில் சென்று அவர் அங்கே உறங்குவதை உறுதிசெய்தால் போதும், இருப்பிட ஆவணம் தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றை ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஏற்கலாம். ஆனால் ஒரு தாயோடு நான் போன ஓர் அலுவலகத்தில், இந்தப் படிவத்தை நான் எடுத்து நீட்டிய பிறகுதான் அங்கிருந்த ஊழியர் அதைப் படித்தே பார்த்தார். அந்தத் தாய் தனியாகப் போயிருந்தால் ‘அட்ரஸ் புரூஃப் கொண்டு வாம்மா’ என்ற ஒரு வரியோடு திரும்பியிருப்பார். தன்னார்வலரின் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான்: வரிசையில் பக்கத்தில் நிற்பது, விதியின் நகலைக் கையில் வைத்திருப்பது, ‘அடுத்த வாரம் வாங்க’ என்றால் அடுத்த வாரம் தவறாமல் வருவது.

காப்பகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010இல் பிறப்பித்த ஆணைகளை ஒட்டி, 2013இல் நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டம் வந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் ஆண்டு முழுவதும் தங்கும் வசதி வேண்டும் என்பது அதன் அளவுகோல். சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் காப்பகங்கள் பலரைக் காப்பாற்றியிருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, சிறுவர்களுக்குத் தனி என்று பிரிக்கப்பட்டவை. குடும்பத்தோடு தங்குவதற்கான காப்பகமும் அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கும்போது, நடைமுறையில் அது அரிதாக இருப்பதுதான் வேதனை. கணவனை ஓரிடத்திலும், பதின்மூன்று வயது மகனை வேறோரிடத்திலும், தன்னையும் மகளையும் மூன்றாவது இடத்திலும் பிரித்து வைத்துக்கொள்ளச் சொன்னால், எந்தத் தாயும் தார்ப்பாய்க்கு அடியிலேயே இருந்துவிடுகிறேன் என்றுதான் சொல்வார். ‘கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்கள்’ என்று இதைத்தான் அதிகாரிகள் குறையாகக் கூறுகிறார்கள்.

அடுத்தது வீடு. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகள் கிடைத்தாலும், அவை பெரும்பாலும் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களில் இருக்கின்றன. பாரிமுனையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் தூரம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் விடியுமுன்பே பூச்சந்தையில் இருக்க வேண்டியவருக்கு அந்த நேரத்தில் பேருந்து ஏது? அதனால் வாரநாட்களில் பழைய நடைபாதைக்கே வந்து படுக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, வீட்டை விற்றுவிட்டார்கள் என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது. தொழில் செய்யும் இடத்துக்கு அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்க இவர்களில் சிலரால் முடியும்; மாத வாடகை கொடுக்கும் அளவுக்குக் கணவனும் மனைவியும் சம்பாதிக்கவே செய்கிறார்கள். தடுப்பது முன்பணமும், வீட்டுக்காரரின் தயக்கமும். மூன்று மாத வாடகையே முன்பணம் என்பதை 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொதுவிதியாக வைத்திருந்தாலும், நகரில் பத்து மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து முன்பணத்தை ஒரு சுழல்நிதியாக வைத்து, வீட்டுக்காரரிடம் ‘வாடகை தவறினால் எங்களிடம் கேளுங்கள்’ என்று சொன்னால், கதவு திறக்கிறது. முதல் ஆறு மாதம் மின்கட்டணத்தையும் வாடகைத் தேதியையும் நினைவூட்டினால் போதும். பிறகு அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்பணிக்கு வர நினைப்போர் சிலவற்றைத் தவிர்க்க வேண்டும். அவர்களைப் படம் எடுத்து வெளியிட வேண்டாம். அந்தப் பிள்ளைகளும் நாளை பள்ளிக்குப் போக வேண்டியவர்கள். மூல ஆவணங்களை ‘பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்று வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் அரசின் டிஜிலாக்கரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு மூலத்தை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். வளரிளம் பெண்கள் உள்ள குடும்பத்துக்கு ஆண்கள் தனியாகப் போகக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட, ஓராண்டு நேரம் கொடுக்க முடியாதவர்கள் ஒரு குடும்பத்தைப் பொறுப்பெடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பாதியில் விட்டுப்போன ‘சார்’களையும் ‘மேடம்’களையும் இக்குடும்பங்கள் ஏராளமாகப் பார்த்துவிட்டன, அடுத்து வருபவரை நம்பவே அவர்களுக்குப் பல மாதங்கள் ஆகின்றன. பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட வருவோர் வரட்டும், ஆனால் அதைத் தொண்டுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

மாநகராட்சிக்கும் அரசுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு காப்பகமாவது குடும்பங்கள் பிரியாமல் தங்கும்படி, தடுத்துப் பிரித்த தனித்தனி அறைகளோடு அமைக்கப்பட வேண்டும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குப் பெரும் எண்ணிக்கையில் தன்னார்வலர்களைப் பதிவுசெய்து பயிற்சி அளித்த அனுபவம் அரசுக்கு இருக்கிறது. அதே முறையில், பின்னணி சரிபார்க்கப்பட்ட தன்னார்வலர்களுக்கு அடையாள அட்டை கொடுத்து, குடும்ப அட்டை தரும் உணவுப் பொருள் வழங்கல் அலுவலகத்திலும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் இக்குடும்பங்களுக்காகப் பேச அவர்களை அனுமதிக்கலாம்.

தங்களிடம் வேண்டுவது ஒன்று. போர்வை வழங்கும் படத்தை வெளியிடும் நாளில் அதன் கீழேயே, எந்தெந்தக் காப்பகத்தில் எந்த வேலைக்குத் தன்னார்வலர் தேவைப்படுகிறார்கள், யாரை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்ற விவரத்தையும் மாநகராட்சியிடம் கேட்டு நான்கு வரியில் வெளியிட்டால், படத்தைப் பார்த்து மனம் இளகும் வாசகர்களில் சிலராவது அங்கே போய்ச் சேர்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பெரம்பூர், சென்னை.